அதிகாரப் பங்கீடும் மனச்சான்றும்

ஆள்பவர் நல்லவராயிருந்தால் நாடு நலம் பெறும் என்பது நாம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் அறிவுரை. ஆனால், நல்லவர் எப்போதும் கிடைப்பாரா? கிடைத்தவர் இறுதிவரை நல்லவராகவே இருப்பாரா? இந்த ஐயத்தையே அடித்தளமாகக் கொண்டு எழுந்தது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பு.

1787ஆம் ஆண்டு மே முதல் செப்டம்பர் வரை பிலடெல்பியா நகரில் கூடிய பேரவையில் 55 பேர் பங்கேற்று அதனை உருவாக்கினர். 1781 முதல் நிலவிய பழைய கூட்டமைப்பில் மையத்திற்கு வரி விதிக்கும் உரிமைகூட இல்லை. ஆகவே, வலிமையான மைய அரசு தேவைப்பட்டது. அது கொடுங்கோலாக மாறிவிடவும் கூடாது. அவர்கள் கண்ட வழி, அதிகாரத்தைப் பங்கிடுவது. சட்டம் இயற்றுவோர், செயற்படுத்துவோர், தீர்ப்பளிப்போர் என மூன்று துறைகள். மைய அரசு, மாநில அரசுகள் என இரண்டு தளங்கள். மனிதனின் தன்னலத்தை ஒழிக்க இயலாது, மற்றொருவரின் தன்னலத்தைக் கொண்டே அதனைக் கட்டுப்படுத்தலாம் என்பது ஜேம்ஸ் மேடிசன் போன்றோரின் எண்ணம். மனித இயல்பின் வலுவின்மையை ஏற்றுக்கொண்ட இந்த அடக்கம் போற்றத்தக்கதே.

ஆயினும், அந்தத் தராசின் தட்டுகளில் இடம்பெற்றவர் யார்? பெரிய மாநிலங்கள் இருந்தன. சிறிய மாநிலங்களும் இருந்தன. அடிமைகளோ எண்ணிக்கையில் மட்டுமே இருந்தனர். மக்களவை இடங்களைக் கணக்கிடும்போது 5 அடிமைகள் 3 பேராகக் கொள்ளப்பட்டனர். அதனால் கிடைத்த கூடுதல் இடங்கள் அவர்களை உடைமையாக வைத்திருந்த மாநிலங்களுக்கே பயன்பட்டன. அடிமைகளை இறக்குமதி செய்வதை 1808க்கு முன் மைய அரசு தடைசெய்யலாகாது என்றும், தப்பியோடியவரைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்றும் விதிகள் எழுதப்பட்டன. இத்தனைக்கும் ‘அடிமை’ என்னும் சொல் அந்த மூல ஏட்டில் ஓரிடத்திலும் இல்லை. சொல்லக் கூசியதைச் செய்ய அவர்கள் கூசவில்லை.

இவ்விட்டுக்கொடுத்தல் இன்றி ஒன்றியம் உருவாகியிராது என்று வாதிடுவோர் உண்டு. அதனை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆனால், அதற்குரிய விலையைக் கொடுத்தவர் எவரும் அந்த அவையில் இல்லை. அவைக்கு வெளியே, வயல்களில் உழைத்தவர்களே அதனைக் கொடுத்தனர்.

பின்னாளில் ‘மாநில உரிமை’ அடிமைமுறையின் கேடயமாயிற்று. அவ்வாறெனில் மைய அரசே நீதியின் காவலன் என்று முடிவு செய்யலாமா? வரலாறு அதற்கும் இடந்தரவில்லை. 1850இல் மைய அரசு இயற்றிய சட்டத்தின்படி, பிடிபட்ட கறுப்பினத்தவர் தம் வழக்கில் தாமே சாட்சி சொல்ல முடியாது. விசாரிக்கும் அலுவலர் அவரை அடிமையென ஒப்படைத்தால் 10 டாலர் கட்டணம். விடுவித்தால் 5 டாலர். 1854இல் மிசௌரியிலிருந்து தப்பிவந்த ஜோஷுவா குளோவர் என்பவரை மில்வாக்கி நகரச் சிறையிலிருந்து மக்கள் திரண்டுவந்து மீட்டனர். அவர் கனடா சென்றடைந்தார். மீட்புக்கு உதவியதாகக் கைதான ஷெர்மன் பூத் என்பவரை விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் விடுவித்து, அச்சட்டம் செல்லாது என்றது. இங்கே மாநில உரிமை, அடிமையின் பக்கம் நின்றது! 1860இல் ஒன்றியத்தை விட்டு விலகிய தென் கரோலினாவோ, வட மாநிலங்கள் அச்சட்டத்திற்குப் பணியவில்லை என்பதையே தன் குறையாகக் கூறிற்று.

விஸ்கான்சின் தீர்ப்பை 1859இல் மாற்றி எழுதியவர் தலைமை நீதிபதி ரோஜர் டானி. அப்பதவியை ஏற்ற முதல் கத்தோலிக்கர் அவரே. தம் அடிமைகளைத் தாமே விடுவித்தவர் அவர். ஆனால், கறுப்பினத்தவர் அந்நாட்டின் குடிமக்களாக முடியாது என்று 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் தீர்ப்பளித்தவரும் அவரே. தனிவாழ்வின் இரக்கம் தானாகவே பொதுவாழ்வின் நீதியாகிவிடுவதில்லை என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுமோ?

உள்நாட்டுப் போருக்குப் பின், 1865இல், அடிமைமுறை என்னும் சொல் அரசியலமைப்பில் முதன்முறையாக இடம்பெற்றது, அதனை ஒழிப்பதற்காக. 1868இல் சட்டத்தின் முன் சமமான பாதுகாப்பு உறுதிசெய்யப்பட்டது. ஆயினும், 1957இல் லிட்டில் ராக் நகரில் 9 கறுப்பின மாணவர் பள்ளியில் நுழைவதை ஆர்கன்சா மாநில ஆளுநர் படைகொண்டு தடுத்தார். அவர்களைப் பாதுகாக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் மைய அரசின் இராணுவத்தை அனுப்பினார். குளோவரைத் துரத்தியது மையம். இம்மாணவரைக் காத்ததும் மையம். நீதி எந்தத் தளத்திற்கும் நிலையான உடைமை அன்று.

அவ்வாறாயின் அதிகாரப் பங்கீட்டால் பயன் என்ன? ஒரு கதவு அடைபடும்போது மற்றொரு கதவைத் தட்ட அது வழி விடுகிறது. மனச்சான்று நிற்பதற்கு அது இடம் தருகிறது, மனச்சான்றையே தந்துவிடுவதில்லை.

நாமும் அவைகளில் அமர்கிறோம். குடும்பத்தில், ஊர்க் கூட்டத்தில், பங்குப் பேரவையில். ஒற்றுமைக்காக விட்டுக்கொடுப்போம் என்ற குரல் அங்கே எழும்போது, விட்டுக்கொடுக்கப்படுவது யாருடைய உரிமை, அவருக்கு இந்த அவையில் இடம் உண்டா என்று நாம் கேட்டாக வேண்டும். பிலடெல்பியாவில் அக்கேள்விக்கு உரிய விடை கிடைத்திருந்தால், பிந்திய தலைமுறைகள் அத்தனை குருதி சிந்த நேர்ந்திராது.