சூரனின் இரு கூறுகளும் பறவைகளின் வம்சாவளியும்

மருதமலை, பழனி, சென்னிமலை எனக் கொங்கு நாட்டின் குன்றுதோறும் வழிபடப்படும் முருகனுக்கு மயில் ஊர்தியாகவும் சேவல் கொடியாகவும் அமைந்ததற்குக் கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் ஒரு காரணம் கூறுகிறது: கடல் நடுவே மாமரமாய் நின்ற சூரபன்மனை வேல் பிளக்க, அவ்விரு கூறுகளே இவ்விரு பறவைகளாயின. உயிரியலும் இவை ஒரே மூதாதையின் வழிவந்தவை என்றே கொள்கிறது. ஆயினும் இவ்வொற்றுமையைக் காட்டி, பரிணாமத்தைப் புராணம் முன்னரே அறிந்திருந்தது என மேடைகளில் முழங்குவது, புராணத்தையும் அறிவியலையும் ஒருசேரக் குறைத்து மதிப்பதாகும்.

மயில், கோழி, காடை, கவுதாரி முதலிய, பெரும்பாலும் தரையில் இரைதேடும் பறவைகள் கோழியின வரிசை எனப்படும் தொகுதியைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதிக் காடுகள் அழிந்தபோது, மரங்களை நம்பியிருந்த பறவைகள் மடியத் தரைவாழ் பறவைகளே பிழைத்தன என 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு வாதிட்டது. இவ்வரிசையின் முன்னோரும் அவ்வாறு தப்பியவையே. பின்னர் இவற்றின் கிளைகள் கண்டங்கள் தோறும் பரவின. மயிலின் உறவினம் ஒன்று ஆப்பிரிக்காவின் காங்கோ காட்டில் வாழ்வதை 1936இல் ஜேம்ஸ் சாப்பின் அறிவித்தார். மயிலும் கோழியும் ஒரே குடும்பத்தினவாயினும் உடன்பிறப்புகள் அல்ல. மரபணு ஒப்பீட்டின்படி, கொங்கின் மானாவாரி நிலங்களில் கத்தித் திரியும் கவுதாரியே மயிலைவிடச் சேவலுக்கு நெருங்கிய உறவு.

சேவலின் வரலாறோ இன்னும் சிக்கலானது. ஆனைகட்டி, வால்பாறை மலைச்சரிவுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழி இந்தியத் தீபகற்பத்திற்கே உரியது. எனினும் வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை அதுவன்று, தென்கிழக்காசியாவின் செங்காட்டுக்கோழியே. ஆனால் பல கோழிகளின் மஞ்சள் தோலுக்கும் காலுக்கும் காரணமான மரபணு பெரும்பாலும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்து வந்தது என 2008இல் கண்டறியப்பட்டது.

சைவ சித்தாந்தம் இவற்றால் கலங்க வேண்டியதில்லை. உடல் மாயையிலிருந்து தோன்றி வினைக்கேற்ப அமைவது என்றும், உயிர் எதிலிருந்தும் தோன்றாத அநாதிப் பொருள் என்றும் அது கொள்வதால், அண்டசம், அதாவது முட்டையிற் பிறப்பது, எவ்வழியே உருமாறி வந்தது என்பது மாயையின் பக்கத்துக் கேள்வியாகவே நின்றுவிடுகிறது. சூரன் கதையில் அதற்கு முதன்மையானது மறக்கருணை, அதாவது தண்டித்து ஆட்கொள்ளும் அருள்: உடல் பிளந்தது, ஆணவத்தின் வலி குன்றியது, உயிர் அழியவில்லை. உண்மையான இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. உயிர் பகுக்க முடியாதது என்றால், சூரனின் ஓருயிர் இரு பறவைகளில் எவ்வாறு நின்றது? இதற்கு எந்தப் புதைபடிவமும் சான்றாகாது. சித்தாந்தம் தன் இலக்கணத்திற்குள் நின்றே விடைகாண வேண்டிய வினா இது.