இதுக்குன்னே பொறந்தது

"மனுசனுக்குப் பேசி முடிச்சாச்சா, குரங்குக்குப் பேச வந்துட்ட?" என்று தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம்மை மாட்டுக்கும் கீழே வைத்தவர்களே மாட்டுக்காகக் கண்ணீர் விடும் நாடு இது. ஜீவகாருண்யம் என்றாலே நமக்குச் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

2000 அக்டோபரில் அமெரிக்காவின் ஓரிகன் குரங்கு ஆய்வு மையத்தில் ஆண்டி என்ற குட்டி பிறந்தது. மனித நோய்களைக் குரங்கின் உடம்பில் உண்டாக்கிப் பார்ப்பதற்கான முதல் படி அது. பெண் குரங்குகளிடமிருந்து எடுத்த 224 முட்டைகளில் ஜெல்லி மீனின் மரபணுவைச் செலுத்தினார்கள். உருவான கருக்களில் 40ஐ 20 பெண் குரங்குகளின் கருப்பையில் வைத்தார்கள். கர்ப்பம் தங்கியது 5. உயிரோடு பிறந்தவை 3. அந்த மரபணு ஏறியிருந்தது ஆண்டிக்கு மட்டும். ஆண்டியின் படம் உலகம் முழுக்க வந்தது. சுமந்தவள் வெறும் எண்ணிக்கை.

2019இல் சீனாவின் ஷாங்காய் விஞ்ஞானிகள் இன்னும் ஒரு படி போனார்கள். தூக்கம் கெட்டு, பயந்து ஒடுங்கும்படி மரபணு திருத்திய ஒரு குரங்கிலிருந்து ஐந்து நகல் குட்டிகளை உண்டாக்கினார்கள். இதற்காக 65 வாடகைத் தாய்க் குரங்குகளில் 325 கருக்கள் வைக்கப்பட்டன.

நானும் இதில் சுத்தமானவன் இல்லை. 1950களில் போலியோ தடுப்பூசிக்கான வைரஸை ரீசஸ் குரங்கின் சிறுநீரகச் செல்களில்தான் வளர்த்தார்கள். இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் குரங்குகள் போயின. 1978இல்தான் அந்த ஏற்றுமதி நின்றது. அந்த ஊசி வராமல் போயிருந்தால் சூம்பிய கால்கள் சேரியில்தான் அதிகம் இருந்திருக்கும். அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால், "காட்டுல புடிக்கல, இதுக்குன்னே உண்டாக்கினது" என்று இன்று சொல்லப்படும் சமாதானம் இருக்கிறதே, அது எனக்குப் பழகிய குரல். 'நீ இதுக்குன்னே பொறந்தவன்' என்று சொல்லித்தானே எங்கள் தாத்தன் கையில் பறையையும் மலக்கூடையையும் கொடுத்தார்கள்? குரங்கும் நாமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அந்த வசவை நம்மேல் எறிந்தவர்கள் வேறு ஆட்கள். நான் பொருத்திப் பார்ப்பது வாதத்தை மட்டுமே. சாதி, பிறப்பைக் காட்டிப் பொய் சொன்னது. ஆய்வுக்கூடமோ பிறப்பதற்கு முன்பே நோயை எழுதி, அந்தப் பொய்யை நிஜமாகவே செய்கிறது.

ஓர் உயிரை எதற்காக உண்டாக்கினோம் என்பது, அதை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதற்குப் பதில் ஆகாது. மருந்து வேண்டும் என்றால் அதன் விலையையும் வாய்விட்டுச் சொல்லட்டும். அந்தக் கணக்கில் சுமந்தவளும் வரட்டும். பிறப்பை மட்டும் காரணமாகக் காட்ட வேண்டாம். அந்தக் காரணத்தை இன்னொரு உயிருக்குச் சொன்னாலும் ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வராது, தோழரே.