சுவருக்குள் போகும் தண்ணீர்

ஓதம் தெரியும் இடமும் தண்ணீர் நுழைந்த இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. கான்கிரீட் தளத்துக்குள் இறங்கிய நீர், விரிசலையும் மின்கம்பிக் குழாயையும் பிடித்துக்கொண்டு போய் அறையின் மறுகோடியில் சொட்டும். கறை தெரிந்த இடத்தில் மட்டும் பூசிவிட்டு ஓய்வது அதனால்தான் பலிப்பதில்லை.

முதல் அடையாளங்கள் சின்னவை. பெயிண்ட் கொப்புளிக்கும். சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூக்கும். செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்துவிட்டு நீர் ஆவியாகிவிடுகிறது. பாத்ரூம் கதவு நிலையின் அடிக்கட்டை கறுத்து, விரலால் அழுத்தினால் அமுங்கும். பீரோவை நகர்த்தினால் பூஞ்சண வாடை அடிக்கும்.

இவற்றைவிடக் கவலைக்குரியது கூரைக்குள் இருக்கும் கம்பி. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகி, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. கம்பி ஓடும் வழியிலேயே நேர்கோடாக விரிசல் விழும், பழுப்புக் கறை இறங்கும், ஒரு நாள் சில்லு பெயரும். கட்டிலுக்கு மேலே அப்படியொரு கோடு தெரிந்தால், பழுது பார்க்கும்வரை அங்கே யாரும் படுக்கக் கூடாது.

மழையில் மட்டும் ஈரம் கூடினால் மொட்டைமாடியையோ வெளிச்சுவரையோ சந்தேகிக்க வேண்டும். தமிழ்நாட்டில் மாடித் தட்டோட்டின் இணைப்புகளைப் பார்க்க ஐப்பசி அடைமழைக்கு முந்திய வாரங்களே தக்கவை. கோடையிலும் காயாத ஈரம் என்றால் குழாயாக இருக்கலாம். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து, காலையில் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். மட்டம் இறங்காமல் பாத்ரூமுக்குக் கீழே மட்டும் நனைந்தால் கழிவுநீர்ப் பாதையையும் டைல்ஸ் இடுக்குகளையும் சோதிக்க வேண்டும்.

அடுக்குமாடி வீடுகளில் சச்சரவு இங்கேதான் தொடங்குகிறது. தாழ்த்திப் போட்ட பாத்ரூம் தளத்தில் நிரப்பிய செங்கல் ஜல்லி தண்ணீரைத் தேக்கிவைப்பதால், மேலே குழாயை மூடிய பிறகும் கீழே பல நாள் சொட்டும். "எங்க வீட்டுல எல்லாம் காஞ்சுதான் இருக்கு" என்று மேல்வீட்டார் சொல்வது அவர்கள் கண்ணுக்கு உண்மை. சேதத்தைப் பார்ப்பவரால் பழுது பார்க்க முடியாது; பழுது பார்க்க வேண்டியவர் சேதத்தைப் பார்ப்பதில்லை. அவர் ஒரு முறை கீழே இறங்கிவந்து அந்தக் கூரையைப் பார்ப்பது, பத்து கடிதங்கள் செய்யாததைச் செய்யும்.

ஈரம் சுவிட்ச் பெட்டியை எட்டியிருந்தால் அந்த இணைப்பைத் துண்டித்து எலக்ட்ரீஷியனை அழைப்பது முதல் வேலை. பிறகு கசிவை அடைத்து, பொருமிய பூச்சைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைத் தேய்த்துச் சுத்தம் செய்து பூச வேண்டும். சுவர் உலரச் சில வாரங்கள்கூடப் பிடிக்கும். பெயிண்ட் அதற்குப் பிறகுதான்.