உதிரிக் கணக்கு

மளிகைக் கடையில் கணக்கு 102 ரூபாய் என்றால் நான் நூறைத்தான் நீட்டுவேன். கடைக்காரரும் “பரவாயில்லை சார்” என்பார். அற்ப விஷயம் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

கனடாவில் வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் ஒரு குறியீட்டெண்ணை 1000 என்று வைத்துத் தொடங்கியது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 3000 தடவை கம்ப்யூட்டர் அதைத் திருத்தி எழுதும். எழுதும்போது, மூன்று தசம இடங்களுக்கு அப்பால் உள்ளதை அருகிலுள்ள எண்ணுக்கு முழுமையாக்காமல் அப்படியே வெட்டி எறிந்துவிட்டது. 1983 நவம்பரில் எண் 524-க்கு இறங்கிவிட்டது. பிழையைத் திருத்திக் கணக்கிட்டார்கள், 1098 வந்தது!

இதில் திருடன் யாருமில்லை. ஒவ்வொரு தடவையும் போனது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கூடியும் குறைந்தும் தவறியிருந்தால் ஒன்றுக்கொன்று சரியாகியிருக்கும். இதுவோ எப்போதும் ஒரே பக்கம். தராசு பிடிப்பவனுக்குக் கை நடுங்கினால் மன்னிக்கலாம். நடுக்கம் நாள் தவறாமல் தன் பக்கமே சாய்ந்தால், அதை நடுக்கம் என்று எப்படி ஒப்புக்கொள்வது?

98 ரூபாய் ஆனபோது மீதி இரண்டைக் கேட்டு வாங்காமல் நான் வந்ததுண்டா? யோசித்துப் பார்க்கிறேன். ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை.