சேவைக்குப் படித்தவர் கடனை யார் அடைப்பது?

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப்பணியாளருக்கு மாதத் தொகுப்பூதியம் 18,536 ரூபாய். ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம் 2022இல் வகுத்த தொகை இது. தஞ்சாவூருக்கும் இதுதான், திருவாரூருக்கும் நாகைக்கும் இதுதான். ஒப்பந்த வேலை. குழந்தைத் திருமணம் என்று 1098க்குத் தகவல் வந்தால் ஊருக்குப் போய் நிற்பது, பெற்றோரை இழந்த பிள்ளையின் வீட்டு நிலையை விசாரித்து அறிக்கை எழுதுவது, படிப்பை விட்ட பிள்ளையை மறுபடி பள்ளியில் சேர்ப்பது எல்லாம் இந்தச் சம்பளத்துக்குள் அடங்கும். சமூகப்பணியில் முதுகலை முடித்தவர்கள் தேடிப்போகும் வேலைகளில் இது ஒன்று.

அந்த முதுகலைக்கு இரண்டு வருடம். அரசு உதவிபெறும் பிரிவில் இடம் கிடைத்தால் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவென்றால் கட்டணம், விடுதி, களப்பணிக்கான பேருந்துச் செலவு, கிராம முகாம் என்று கூடிக்கொண்டே போகும். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் இரண்டு லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஏறும். கட்டத் தொடங்கும் நாளில் கடன் இரண்டரை லட்சமாகியிருக்கும். ஐந்து வருடத்தில் அடைக்க மாதம் 5,312 ரூபாய் வேண்டும். சம்பளத்தில் கால் பங்குக்கும் மேல் இதற்கே போய்விடும். பத்து வருடமாக நீட்டினால் தவணை 3,304 ஆகக் குறையும், ஆனால் மொத்தத்தில் கட்டுவது நான்கு லட்சத்தைத் தொடும்.

இதையே நெல்லில் பார்க்கலாம். ஐந்தாண்டுத் திட்டத்தில் ஒரு வருடத் தவணை 63,744 ரூபாய். 2025-26 கொள்முதல் பருவத்தில் சாதாரண ரக நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஆக, வருடத்துக்கு இருபத்தைந்து குவிண்டாலுக்கு மேல் நெல். நன்றாக விளைந்த ஓர் ஏக்கர் சம்பாவின் மொத்த வரவே ஏறத்தாழ அவ்வளவுதான், அதுவும் உழவுக்கூலி, உரச் செலவு கழிப்பதற்கு முன்னால்.

கடன் பத்திரத்தில் மாணவர் மட்டும் கையெழுத்திடுவதில்லை. அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரர். நான்கு லட்சம் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் தவணை தவறினால் வங்கி அவர்களையும் கேட்கும். அவர்கள் வேறு கடனுக்குப் போகும்போது இந்தப் பாக்கி குறுக்கே நிற்கும். அதனால் “வேற ஏதாவது படிம்மா” என்று சொல்கிற வீட்டைச் சுயநலம் என்று பழிப்பது அநியாயம். தொண்டு செய்யும் ஆசை ஒருவருடையது, அதற்கான கடன் வீட்டில் எல்லார் தலையிலும் விழுகிறது. பெற்றவர்களின் முதுமையை ஈடு வைத்து ஊருக்கு உழைப்பது தியாகமென்றால், அது சம்மதம் கேட்காமல் வாங்கிய தியாகம்.

இந்த நியாயத்தை ஒப்புக்கொண்டால் அங்கேயே நின்றுவிட முடியுமா? கடன் தாங்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகள் மட்டும் இந்தப் படிப்புக்கு வருவார்கள். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தின் கஷ்டத்தை உள்ளிருந்து அறிந்தவர்கள் விலகிப்போவார்கள். காவிரிப் படுகையில் இது சிறிய இழப்பல்ல. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு இந்த மண்ணுக்கு வந்து பாடுபட்டவர்கள் காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர். கிருஷ்ணம்மாள் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர், மதுரையில் சமூக சேவகி சௌந்தரம் அம்மாளின் ஆதரவில் படித்தவர். அந்தப் படிப்புக்கு ஒருவர் தோள் கொடுத்ததன் பலன் நாகை, திருவாரூர் கிராமங்களுக்குக் கிடைத்தது. 1981இல் இணையர் தொடங்கிய லாஃப்டி இயக்கம் நிலவுடைமையாளரையும் நிலமற்றவரையும் பேச வைத்தது, கடன் பெற்றுத் தந்து நியாயமான விலைக்கு நிலம் வாங்க வைத்தது. விளைச்சலைக் கொண்டே அடைக்கும்படி அமைந்த கடன் அது. வாங்குகிறவரின் வரவுக்குள் அடங்குகிற கடனே அறமான கடன் என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் தேவையில்லை.

கல்விக் கடன் அப்படி அமையவில்லை. வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவு கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு தந்து வந்தது. வருடம் 2,22,432 ரூபாய் வாங்குபவருக்கு வரியே கிடையாது, எனவே அந்தச் சலுகையால் காசும் கிடையாது. நல்ல சம்பளக்காரருக்குத்தான் அது உதவியது. 2024இல் வந்த பிஎம் வித்யாலட்சுமி, குறிப்பிட்ட உயர்தரக் கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களின் கடன் வட்டி விகிதத்தில் மூன்று சதவீதப் புள்ளியை ஏற்கிறது. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கல்லூரியின் தரவரிசையைப் பார்க்கிற திட்டம், படித்தவர் எந்த வேலைக்குப் போனார் என்று பார்ப்பதில்லை. அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பார்க்கிறது. அரசிலோ லாப நோக்கற்ற அமைப்பிலோ வேலை செய்தபடி 120 மாதத் தவணை கட்டிய பிறகு மீதிக் கடன் நீங்கும்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். தமிழ்நாட்டில் கூட்டுறவு சங்கப் பயிர்க்கடனை உரிய தேதியில் கட்டினால் வட்டி இல்லை. நெல் ஊருக்கே சோறு என்பதால் அதன் வட்டியை அரசு ஏற்கிறது. அடிபட்ட பிள்ளையைக் காப்பாற்றும் வேலையும் ஊருக்கே ஆனதுதான். மிஷன் வாத்சல்யா சம்பளத்தை வகுப்பது ஒன்றிய அரசு, பொதுத்துறை வங்கிகளில் பெரும்பங்கு உரிமையும் அதனிடமே. ஒரு கையால் 18,536 கொடுத்து, மறு கையால் அதில் கால் பங்கைத் தவணையாக வாங்கிக்கொள்வது நியாயமாகாது.

அது மாறும்வரை, படிக்கப்போகிறவர்கள் முதலில் உதவிபெறும் பிரிவில் இடம் தேட வேண்டும். வட்டியும் சேர்ந்த மொத்தக் கடன் அந்த வேலையின் ஒரு வருடச் சம்பளத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிலைமை மாற வேண்டுமென்றால், குழந்தைகள் பாதுகாப்பு, மகளிர் உதவி மையம் போன்ற பணிகளில் இருக்கும் காலம் முழுவதும் கல்விக் கடனின் வட்டியை அரசே ஏற்க வேண்டும். பயிர்க்கடனுக்காகக் குரல் கொடுக்கத் தெரிந்த டெல்டாவின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் இதையும் கேட்க வேண்டும்.