அறிந்தே வாங்கும் போலிக் காசு

சில மாதங்களுக்கு முன் பங்கு அன்பர் ஒருவர் ஒரு செப்புக் காசை என் மேசைமேல் வைத்தார். ஒரு புறம் இராமர் பட்டாபிஷேகம். மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும். சங்ககிரிக் கோட்டையில் தோண்டி எடுத்ததாகச் சொல்லி விற்றார்களாம். அன்பர் லாரிப் பட்டறை வைத்திருப்பவர். பழங்காசு சேர்ப்பதில் பெருவிருப்பம் உடையவர். "போலி என்று தெரிந்தேதான் வாங்கினேன், சுவாமி. ஏமாந்தவர் எவருமில்லையே, இதில் பாவம் எங்கே?" என்றார்.

கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை. கோட்டைக் கதை மெய்யாக இருந்திருந்தால் இன்னும் வம்பு: பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். ஆனால் அன்பரின் வினா அதனால் தீர்ந்துவிடவில்லை.

போலி யாவும் தள்ளத்தக்கதன்று. சீசருக்கு வரி கொடுப்பது முறையா என்று கேட்டவர்களிடம் இயேசு காட்டச் சொன்ன தெனாரியம் திபேரியு மன்னனுடையது என்பது அறிஞர் பலரின் கருத்து. அம்மன்னனின் வெள்ளிக் காசுகள் நம் கொங்கு மண்ணிலும் கிடைத்துள்ளன. உரோமைக் காசுகளைப் பார்த்து அக்காலத்தில் இந்தியாவிலேயே அடித்த போலிகளும் உண்டு. இன்று அவையே வரலாற்றுச் சான்றுகள். செருமனியில் பெக்கர் என்பவர் (1772–1830) பழங்காசுகளைப் போலியாக அடித்து, பழமை ஏறுவதற்காக இரும்புத்தூளும் எண்ணெய்ப்பசையும் இட்ட பெட்டியில் வைத்துத் தம் வண்டியில் கட்டி ஓட்டினாராம். அவர் செய்தவற்றை இன்று விரும்பித் தேடுகிறார்கள். வாங்கும் பணம் அவர் கைக்குப் போவதில்லை.

அன்பரின் பணமோ போகிறது. பிறர் தீமையில் ஒத்துழைப்பதை அறநெறி இயல் இரண்டாகப் பிரிக்கும்: தீய நோக்கத்திலேயே பங்குகொள்வது ஒன்று; நோக்கத்தில் பங்கின்றிச் செயலுக்கு மட்டும் துணை நிற்பது மற்றொன்று. அன்பரிடம் முதலாவது இல்லை. ஆயினும் அவர் கொடுத்த பணத்தில் நாளை இன்னும் பத்துக் காசு அடிக்கப்படும். அவற்றை வாங்குகிறவருக்கு அன்பரின் தெளிவு இராது. ஏமாந்தவர் எவருமில்லை என்றது தம்மளவில்தான் உண்மை.

கேடு பணத்தோடு நிற்பதில்லை. 1980-களில் இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு சிறு செப்புக் காசில் 'பெருவழுதி' என்ற பெயரைத் தமிழ்-பிராமி எழுத்தில் படித்தார். சங்கப் பாடல்களில் நாம் கேட்டிருந்த பாண்டியர் பெயர் உலோகத்தில் தெரிந்தது. விரல்நுனியளவுச் செம்பில் ஓர் அரசமரபின் சான்று! அத்துறையில் கைதேர்ந்த போலி ஒன்று நுழைந்தால், இல்லாத மன்னன் ஒருவன் நம் பிள்ளைகளின் பாடநூலில் வந்து அமர்வான். வயல் வரப்பை ஓர் அடி நகர்த்துபவனைவிட இவன் செய்யும் கேடு சிறிதென்று எனக்குத் தோன்றவில்லை.

காசுக்கு ஆயுள் அதிகம். அன்பருக்குப்பின் பெட்டியைத் திறக்கும் மகனுக்கு அது போலி என்று யார் சொல்வார்? அமெரிக்காவில் 1973-இல் இயற்றிய சட்டம், போலி நாணயத்தின்மீதே அது நகல் என்று பொறிக்க வேண்டும் என்கிறது. தாளில் எழுதி வைத்தால் தாள் தொலைந்துபோகும்.

"விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார். கொடுத்தால் மறுநாளே வேறொருவருக்கு விற்பார் என்றேன். சற்று நேரம் காசையே பார்த்துக்கொண்டிருந்தவர், "பட்டறையில் நல்ல அரம் ஒன்று இருக்கிறது, சுவாமி" என்று எழுந்தார்.