தேர்வும் கடனும்

பிறநாட்டிற் பயின்ற மருத்துவரைச் சோதித்தே நோயாளியிடம் அனுப்ப வேண்டும் என்பது நியாயமே. 1975 முதல் பிரித்தானியா நடத்திவரும், இன்று 'பிளாப்' என வழங்கும், தேர்வின் நோக்கம் அதுவே. செய்முறைத் தேர்வுக்காக மான்செஸ்டர் வரை செல்பவரின் அறிவை அது நிறுத்துப் பார்க்கட்டும். ஆனால், அவ்வறிவு யார் செலவில் விளைந்தது என்று அது கேட்பதில்லை.

இலங்கையில் 1945இல் வந்த இலவசக் கல்வியால், கொழுந்து பறிப்பவளின் உழைப்பும் ஒரு மருத்துவரை உருவாக்குகின்றது. அவளது தோட்டத்து மருந்துச்சாலையிலோ பெரும்பாலும் மருத்துவர் இல்லை.

2022 நெருக்கடிக்குப் பின் வெளியேறிய இளைஞரைத் துரோகி என்பது எளிது. அவரது ஊதியத்தை விலைவாசி விழுங்கியபோது வாளாவிருந்த அரசும் இதற்குப் பொறுப்பன்றோ? பயிற்றுவித்த செலவின்றி அவரைப் பெறும் செல்வநாடு அதனினும் பெரிய கடனாளி. உலக சுகாதார நிறுவனம் 2010இல் வகுத்த நெறிக்கோவை எவரையும் கட்டுப்படுத்துவதில்லை. தகுதியைச் சட்டத்தால் சோதிக்கும் நாடு, பயிற்சிக் கடனையும் சட்டத்தாலேயே திருப்பித் தருதல் அறமாகும்.